டேங்க் மூச்சு விடாத வண்டி

"பத்து கிலோமீட்டர் நல்லா போவுதுண்ணே. அப்புறம் இழுத்து இழுத்து நின்னு பூடுது. அஞ்சு நிமிஷம் வுட்டா தானா ஸ்டார்ட் ஆவுது."

வேலூர் பக்கம் எந்த பைக் ஒர்க்‌ஷாப்பில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் இந்தப் புகார் காதில் விழும். முதலில் பிளக் மாறும். அடுத்து பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் கழன்று சர்வீஸ் ஆகும். அதற்கும் மசியவில்லை என்றால் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயில், சிடிஐ என்று பில் ஏறும். இத்தனைக்கும் நடுவில் டேங்க் மூடியை யாரும் திருப்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். கோளாறு பல நேரம் அங்கேதான் இருக்கும்.

டேங்கிலிருந்து பெட்ரோல் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு காற்று உள்ளே போக வேண்டும். தண்ணீர் கேனைக் கவிழ்த்தால் 'குளுக் குளுக்'கென்று விக்கி விக்கி ஊற்றுவதும், மேலே ஒரு துளை போட்டதும் சீராகக் கொட்டுவதும் இதனால்தான். டேங்குக்கும் அப்படியொரு துளை உண்டு. பழைய வண்டிகளில் மூடிக்குள்ளேயே இருக்கும். புதிய வண்டிகளில் ஒரு ட்யூப் வழியாகக் கரி டப்பாவுக்கு, அதாவது கேனிஸ்டருக்குப் போகும். அது அடைத்தால் உள்ளே வெற்றிடம் சேர்ந்து பெட்ரோலை மேலே பிடித்து வைத்துக்கொள்ளும்.

பிடித்து வைக்க எவ்வளவு வெற்றிடம் வேண்டும்? மிகக் கொஞ்சம். கார்புரேட்டர் வண்டியில் டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் உள்ள உயரம் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர். அந்த உயரத்துப் பெட்ரோல் கொடுக்கும் அழுத்தம் 2 கிலோபாஸ்கலைக்கூடத் தொடாது. வெளிக்காற்றின் அழுத்தம் 100 கிலோபாஸ்கலை ஒட்டி. டேங்குக்குள் அதில் 2 சதவீதம் குறைந்தால் போதும், பெட்ரோல் இறங்காது.

இதிலிருந்து ஒரு நல்ல அடையாளம் கிடைக்கிறது. ஃபுல் டேங்க் அடித்த 12 லிட்டர் டேங்கில் பெட்ரோலுக்கு மேலே ஒரு லிட்டர் காலியிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி அழுத்தத்தைப் பெட்ரோல் ஆவி ஈடுகட்டினாலும், 40 மில்லி இறங்கியதும் ஓட்டம் நின்றுவிடும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்கு அது 2 கிலோமீட்டர். கார்புரேட்டர் பவுலில், அதாவது அதன் அடிக்கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் இன்னும் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளும். அதே டேங்க் பாதி காலியாக இருந்தால் 6 லிட்டர் காலியிடம். 200 மில்லிக்கு மேல் இறங்கிய பிறகுதான் நிற்கும், அதாவது பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அடைப்பு முழுசாக இல்லாமல் லேசாகக் கசிந்தால் இந்தத் தூரமெல்லாம் நீளும். ஆனால் வரிசை மாறாது. ஃபுல் டேங்கில் சீக்கிரம் நின்று, பெட்ரோல் குறையக் குறைய அதிக தூரம் ஓடும் வண்டி என்றால் முதல் சந்தேகம் காற்றுத் துளை மேல்தான். பிளக்குக்கோ காயிலுக்கோ டேங்கில் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று தெரியாது.

மூடியைத் திறந்ததும் 'புஸ்' என்று சத்தம் வந்தால் அடைப்பு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க வேண்டும். மே மாதம் 41, 42 டிகிரி வெயிலில் காட்பாடி ஸ்டேஷன் வாசலில் நாள் முழுக்க நின்ற வண்டியில் ஆவி வெளியே சீறுவது சகஜம். புதிய வண்டி மூடிகள் கொஞ்சம் அழுத்தத்தைப் பிடித்து வைக்கும்படிதான் செய்யப்படுகின்றன. ஓடி நின்ற வண்டியில் காற்று உள்ளே இழுபட்டால்தான் வெற்றிடம். மெல்லிய பிளாஸ்டிக் கவரில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கிழித்து மூடியின் ஓரத்தில் பிடித்துக்கொண்டு சாவியைத் திருப்புங்கள். துண்டு உள்நோக்கி ஒட்டினால் சந்தேகம் உறுதி. வெயிலில் காய்ந்த டேங்கை மட்டும் சட்டென்று திறக்க வேண்டாம். ஒரு சுற்றுத் துணி போட்டு, நிழலில், மெதுவாக.

கார்புரேட்டர் வண்டிக்கு இன்னும் உறுதியான சோதனை பவுலின் அடியில் உள்ள டிரெயின் ஸ்க்ரூ. ஒரு காலி குவார்ட்டர் பாட்டில் வேண்டும் (180 மில்லி, அளவு கச்சிதம்; அது எங்கே கிடைக்கும் என்று யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை). டேங்க் முக்கால்வாசிக்கு மேல் நிரம்பியிருக்கட்டும், வண்டி ஆறியிருக்கட்டும். மூடியைப் பூட்டி, பெட்ரோல் காக்கை (டேங்குக்கு அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் திருகி) ஆன் செய்து, டிரெயின் ஸ்க்ரூவைத் தளர்த்திப் பாட்டிலில் பிடியுங்கள். நல்ல வண்டியில் நிமிடத்துக்கு 100 மில்லிக்குக் குறையாமல் சீராக விழும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓட நிமிடத்துக்கு 20 மில்லிதான் தேவை என்பதால் இது தாராளம். நூல் பிடித்த மாதிரி தொடங்கி, மெலிந்து, சொட்டுச் சொட்டாக மாறினால் அங்கேயே நிறுத்தி, ஸ்க்ரூவைத் தொடாமல் மூடியை மட்டும் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே 'குளுக்' என்று ஒரு சத்தம் கேட்டுப் பழைய ஓட்டம் திரும்பினால் குற்றவாளி மூடி. திறந்த பிறகும் சொட்டுதான் என்றால் மூடி நிரபராதி. காக்கின் வலைச் சல்லடை, ட்யூப், பவுல் நிரம்பியதும் பெட்ரோலை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி என்று கீழே தேடுங்கள். மொத்தம் ஐந்து நிமிட வேலை. எதையும் கழற்றும் முன்பே செய்ய வேண்டியது.

நடுரோட்டில் நின்ற வண்டியில் மூடியைத் திறந்து மூடி உதைத்ததும் ஸ்டார்ட் ஆகிவிட்டால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஓரங்கட்டி, சாவி எடுத்து, மூடி திறக்கும் நேரத்திலேயே பவுல் கொஞ்சம் நிரம்பியிருக்கும். அதனால் மாற்றிப் போட்டும் பார்க்க வேண்டும். மூடியைப் பூட்டாமல் வெறுமனே பொருத்தி, மேலே துணி சுற்றிக் கட்டி, அதே சாலையில் அதே வேகத்தில் ஒருமுறை. டேங்க் முக்கால்வாசிக்கு மேல் வேண்டாம், தளும்பும். காட்பாடியிலிருந்து திருவலம் போய்த் திரும்பும் தூரம் போதும். பூட்டினால் நிற்கிறது, தளர்த்தினால் ஓடுகிறது என்று இரண்டு தடவை வந்தால் அப்புறம் விவாதமே இல்லை.

சூடானதும் செத்துப்போகும் காயிலும் இதே வேஷம் போடும். ஆனால் அது ஸ்விட்ச் அணைத்த மாதிரி பட்டென்று அறுந்துவிடும், ஆற கால் மணி நேரம் எடுக்கும். பெட்ரோல் இறங்காத வண்டி அப்படியில்லை. முதலில் ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் மிஸ்ஸிங் அடிக்கும், மெதுவாக விட்டால் ஓடும், சோக் போட்டால் சில விநாடி உயிர் வரும், பிறகு அடங்கும்.

அழுத்தம் எதிர்த்திசையில் சேர்ந்தால் கோளாறு வேறு முகம் காட்டும். காக் ஆனில் வெயிலில் நிறுத்திய வண்டியில் ஓவர்ஃப்ளோ ட்யூப் வழியாகப் பெட்ரோல் சொட்டும். நிழலில் நிறுத்தினால் சொட்டாது. ஃப்ளோட் ஊசி தேய்ந்துவிட்டது என்று மாற்றுவார்கள், மறுநாள் மதியம் மறுபடி சொட்டும். சூட்டில் விரியும் ஆவிக்கு வெளியேற வழியில்லாமல் பெட்ரோலை ஊசியைத் தாண்டித் தள்ளுகிறது, அவ்வளவுதான். ஏலகிரி ஏறுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம். அடிவாரத்துக்கும் மேலுக்கும் ஏறக்குறைய 700 மீட்டர் உயர வித்தியாசம். வெளிக்காற்றின் அழுத்தம் 7 கிலோபாஸ்கல் அளவுக்குக் குறையும். துளை அடைத்த வண்டிக்கு ஏறும்போது அது உதவி, பதினாலு கொண்டை ஊசியையும் சொன்னபடி ஏறிவிடும். இறங்கி வரும்போது வெளி அழுத்தம் கூடிக்கொண்டே வரும். பொன்னேரி கூட்டுரோட்டுக்கு வந்து திருகினால் இழுவை இருக்காது. மலை ஏறியதால் இன்ஜின் சூடாகிவிட்டது என்று தண்ணீர் ஊற்றுவார்கள். பாவம், இன்ஜின்.

இனி மூடி. சாவித் துளைக்கு மேல் ஒரு சின்னத் தகடு, அதற்கடியில் பூட்டு, அடியில் ரப்பர் வாஷர், நடுவில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு பாதை. காற்று அதில் நேராகப் போகாது, பெட்ரோல் தளும்பி வெளியே வராமலிருக்க இரண்டு மூன்று வளைவு வைத்திருப்பார்கள். சில மூடிகளில் குண்டோ மெல்லிய ரப்பர் இதழோ வால்வாக இருக்கும். இந்த வளைவுகளில்தான் தூசு, துரு, பழைய பெட்ரோலின் பிசின் எல்லாம் சேர்கிறது.

நம் ஊரில் இதை அடைக்கும் விஷயங்கள் தனி ரகம். முதலாவது ரெக்ஸின் டேங்க் கவர். பெயின்ட் போகக்கூடாதென்று மாட்டி, மூடியின் மேலும் ஒரு மடல் வைத்து வெல்க்ரோ ஒட்டிவிடுகிறோம். அதற்கடியில் மழைநீரும் புழுதியும் சேர்ந்து குழம்பாகி, காய்ந்து, துளையில் சிமென்ட் மாதிரி உட்காரும். இரண்டாவது ஆயுத பூஜை. டேங்கில் வைத்த சந்தனம் சரியாக மூடியின் நடுவில், சாவித் துளை தகட்டின் மேல் விழும். ஈரச் சந்தனம் இடுக்கில் இறங்கிக் காய்ந்தால் லேசில் வராது. பொட்டு வைக்க வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? மூடியை விட்டுத் தள்ளி வையுங்கள். மூன்றாவது, அளவு பார்க்காமல் வாங்கிய வாஷர். வாஷர் உள்பக்கம் அகலமாக இருந்தால் துளையையே மூடிவிடும். பழையதை மேலே வைத்து அளந்து, துளை தெரிகிறதா என்று பார்த்துப் போட வேண்டும்.

சுத்தம் செய்ய, மூடியைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி அடிப்பக்கம் மட்டும் நனையும்படி கால் மணி நேரம் ஊற வையுங்கள். பிறகு 10 மில்லி சிரிஞ்சு முனையில் சின்ன ட்யூப் மாட்டி, துளையில் பெட்ரோலை உள்ளே செலுத்தி, பின்னால் இழுத்து, மறுபடி செலுத்த வேண்டும். முதலில் பழுப்பாக வரும், நாலைந்து தடவையில் தெளிந்துவிடும். காய்ந்த பிறகு வெறும் சிரிஞ்சால் காற்றைத் தள்ளிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளே தடையில்லாமல் போக வேண்டும். பஞ்சர் கடை கம்ப்ரஸரை வைத்து அடிக்கக்கூடாது, ரப்பர் இதழ் பறந்துவிடும். ரப்பர் உள்ள மூடிக்குக் கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயும் வேண்டாம், ரப்பர் உப்பி, திறந்த பாதையை அதுவே அடைக்கும். வாயால் ஊதுவதைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

சில கடைகளில் இதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருக்கிறார்கள், 1 மில்லிமீட்டர் பிட் போட்டு மூடியில் ஒரு ஓட்டை. வண்டி உடனே ஓடும், உண்மைதான். ஆனால் ஐப்பசி மழையில் அதே ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும். இப்போதைய 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவு மீறினால் எத்தனால் அதோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும், இன்ஜின் அதைத்தான் முதலில் குடிக்கும். பிரேக் போட்டால் பெட்ரோல் தளும்பிச் சூடான இன்ஜின் மேல் தெளிக்கும். வண்டி சாய்ந்து விழுந்தால் கேட்கவே வேண்டாம். புது மூடி வாங்குங்கள்.

டேங்கோடு சமமாகப் பதிந்திருக்கும் மூடி உள்ள வண்டிகளில் மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு துளை இருக்கும். அது காற்றுக்கு அல்ல, தண்ணீர் வடிய. அதன் குழாய் டேங்க் வழியாகவே இறங்கிக் கீழே ஒரு ரப்பர் ட்யூபில் முடியும். பல மாடல்களில் காற்று ட்யூபும் அதன் பக்கத்திலேயே தொங்கும். டேங்கைக் கழற்றி மாட்டும்போது இந்த ட்யூபுகள் டேங்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் நசுங்குவது நித்தம் நடக்கும் தவறு. "சர்வீஸ் விட்டதிலிருந்துதான் இப்படி" என்று யாராவது சொன்னால் வேறெதையும் தொடுமுன் டேங்கை இரண்டு அங்குலம் தூக்கி அதைப் பாருங்கள்.

ட்யூபின் கீழ்முனையில் இன்னொரு எதிரி குளவி. மண் குழைத்துக் கூடு கட்டும் குளவிக்கு 4, 5 மில்லிமீட்டர் துவாரம் ரொம்பப் பிடிக்கும். ஒரு மாதம் திண்ணையோரம் நின்ற வண்டியின் ட்யூப் முனையில் விரல் வைத்துத் தடவினால் வழவழவென்று மண் மூடி தட்டுப்படும், உள்ளே ஒரு புழுவும் அதற்குத் தீனியும். வீட்டில் குளவி கூடு கட்டினால் நல்ல சேதி வரும் என்பார்கள். ட்யூபில் கட்டினால் மெக்கானிக்குக்குத்தான் நல்ல சேதி. பழைய சைக்கிள் பிரேக்கின் உள் கம்பியை விட்டுக் குத்தி எடுத்து, முனையைச் சரிவாக வெட்டிவிடுங்கள். சரிவான வாயில் தண்ணீர்த் துளி நின்று அடைக்காது, சேறும் அவ்வளவாகத் தங்காது.

பிஎஸ்-4 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு பைக்குகளிலும் கேனிஸ்டர் வந்துவிட்டது. சீட்டுக்கு அடியிலோ ஃப்ரேமின் ஓரத்திலோ ஒரு கறுப்பு டப்பா, மூன்று ட்யூப். ஒன்று டேங்கிலிருந்து, ஒன்று இன்ஜினுக்கு, ஒன்று வெளிக்காற்றுக்கு. டேங்கின் ஆவியைக் கரி பிடித்து வைத்து, ஓடும்போது இன்ஜினுக்குக் கொடுக்கும். அது ஆவிக்காக மட்டும் செய்யப்பட்ட டப்பா, பெட்ரோல் திரவமாக வந்தால் தாங்காது. அங்கேதான் பங்க்கில் "ஃபுல்லா, வாய் வரைக்கும் அடிங்க" என்பது வினையாகிறது. பெட்ரோல் 10 டிகிரி சூடானால் லிட்டருக்கு 10 மில்லி அளவுக்கு விரியும். நிலத்தடித் தொட்டியிலிருந்து 30 டிகிரியில் வந்த 12 லிட்டர், வெயிலில் 50 டிகிரியானால் கூடுதலாக 240 மில்லி. நம்ம குவார்ட்டர் பாட்டிலைத் தாண்டிய அளவு. வாய்வரை நிரம்பிய டேங்கில் அதற்கு இடமில்லை, கேனிஸ்டரில் போய் இறங்கும். கரி ஊறிவிட்டால் பெட்ரோல் வாடை, சூட்டில் ஸ்டார்ட்டிங் தகராறு, ஐடிலிங் ஏறி இறங்குவது எல்லாம் வரிசையாக வரும். டேங்க் வாயின் உள்ளே தெரியும் தகட்டின் அடிவிளிம்பு வரை போதும்.

கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலைப் பீய்ச்சும் எஃப்ஐ வண்டியில் பம்ப் டேங்குக்குள் உட்கார்ந்து ஏறக்குறைய 3 பார் (300 கிலோபாஸ்கல்) அழுத்தத்தில் தள்ளுவதால் 2 கிலோபாஸ்கலுக்கெல்லாம் நிற்காது. இங்கே அறிகுறி வேறு. பம்பின் 'ங்ங்' சத்தம் ஏறும், ஃபுல் த்ராட்டிலில் திணறும், வெற்றிடத்தில் சூடான பெட்ரோல் சீக்கிரம் கொதிப்பதால் பம்ப் ஆவியை உறிஞ்சும். பம்ப் போய்விட்டது என்று மாற்றுவார்கள். புதுப் பம்பும் அதே சத்தம் போடும்.

காரில் முதல் அறிகுறி பெரும்பாலும் பங்க்கிலேயே தெரியும். நாசில் 'டக் டக்'கென்று நின்றுகொண்டே இருக்கும். நாசில் முனையில் ஒரு சின்னத் துளை உண்டு, பெட்ரோல் அதை மூடினால் தானாக நிற்கும். டேங்கின் காற்று வெளியேற வழியில்லாதபோது பெட்ரோல் குழாயிலேயே தேங்கித் துளையை மூடுகிறது. பங்க்காரரோடு சண்டை போட்டுப் பயனில்லை. இன்னொரு பங்க்கிலும் அப்படியே என்றால் கேனிஸ்டரின் வெளிக்காற்று ட்யூபைக் கழற்றிவிட்டு ஒருமுறை நிரப்பிப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் அந்த ட்யூபிலோ அதன் ஸ்பாஞ்சு ஃபில்டரிலோ வால்விலோ அடைப்பு. குவாரி லாரி ஓடும் சாலைப் பக்கம் இருக்கும் கார்களில் அந்த ஸ்பாஞ்சு புழுதியில் இறுகிப் போயிருக்கும். இன்னமும் நின்றால் டேங்குக்கும் கேனிஸ்டருக்கும் நடுவில் உள்ள ட்யூபைக் கழற்றிப் பார்க்க வேண்டும். அதைக் கழற்றியதும் சரியானால் கேனிஸ்டர், அப்போதும் ஆகாவிட்டால் டேங்க் மேலேயே உள்ள வால்வு. இதை ஒர்க்‌ஷாப்பில், திறந்தவெளியில், கேனிலிருந்து ஊற்றிச் செய்யுங்கள், பங்க்கில் அல்ல.

பெட்ரோல் அடித்ததும் மட்டும் ஸ்டார்ட் ஆக மறுக்கும் கார் என்றால் பர்ஜ் வால்வு. கேனிஸ்டரின் ஆவியை இன்ஜினுக்குத் திறந்துவிட, இன்ஜினுக்கு அருகில் இரண்டு ட்யூபும் ஒரு வயர் சாக்கெட்டும் உள்ள சின்ன வால்வு அது. கரன்ட் இல்லாதபோது மூடியிருக்க வேண்டும். கழற்றி சிரிஞ்சால் காற்றைத் தள்ளினால் போகக்கூடாது. போனால் திறந்தபடி மாட்டிக்கொண்டது. பர்ஜ் வால்வு திறந்து மாட்டி, வெளிக்காற்று வழியும் அடைத்திருந்தால் இன்ஜினின் உறிஞ்சல் முழுக்க டேங்க் மேல் விழும். 10 கிலோபாஸ்கல் வெற்றிடமே ஓர் அடிக்கு ஓர் அடி பரப்பில் 95 கிலோ எடை உட்கார்ந்த மாதிரி. தகரம் 'டொங்'கென்று உள்வாங்கும், பிளாஸ்டிக் டேங்க் சப்பிப்போய் முள் தப்புக் காட்டும். செக் இன்ஜின் விளக்கு எரியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஸ்கேனரில் வரும் பி0443 போன்ற கோளாறு எண்கள் வால்வின் வயரிங் கோளாறைச் சொல்லும், ஸ்பாஞ்சில் சேர்ந்த புழுதியை அல்ல.

சந்தேகம் தீர அளந்தே பார்க்கலாம். இரண்டு மீட்டர் கண்ணாடி ட்யூபை (உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ட்யூப்) ஆங்கில 'யு' மாதிரி ஒரு பலகையில் ஒட்டி, பாதிவரை தண்ணீரும் ஒரு சொட்டு மையும் ஊற்றுங்கள். ஒரு முனையை டேங்கின் காற்று ட்யூபில் 'டி' ஜாயின்ட் வைத்து இணையுங்கள், மறுமுனை திறந்திருக்கட்டும். 10 சென்டிமீட்டர் மட்ட வித்தியாசம் என்றால் 1 கிலோபாஸ்கல். வண்டியை ஐடிலில் விட்டு கால் மணி நேரம் பாருங்கள். நல்ல டேங்கில் மட்டம் கொஞ்சம் ஆடி நிலைக்கு வரும். அடைத்ததில் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போகும். தண்ணீர் விளிம்பை நெருங்கினால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனையும் டேங்குக்குள் போய்விடும்.

டிராக்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். உழவில் லோடு ஏறினால் பவர் குறைவது, வாரம் ஒருமுறை "டீசல் ஏர் எடுத்துக்கிச்சு" என்று பிளீடர் ஸ்க்ரூவைத் திருகி ஏர் எடுப்பது, இரண்டும் சேர்ந்து வந்தால் டேங்க் மூடியைப் பாருங்கள். மூடி அடைத்தால், டேங்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்பின் இழுப்பு கூடி, லேசாகத் தளர்ந்த வாஷர் வழியாகக் காற்றை உறிஞ்சும். டீசலே கசியாத ஜாயின்ட்டில்கூடக் காற்று நுழையும். மூடியின் துளையைச் சுத்தம் செய்த பிறகு செம்பு வாஷர்களைப் புதிதாகப் போட்டு, ஃபில்டர் பக்கம் முதலில், பம்ப் பக்கம் அடுத்து என்று நுரையில்லாத டீசல் வரும்வரை ஏர் எடுத்தால் போதும்.